யூனிட் செவன்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பத்து வரி.
ஏழாவது வரியில் நாங்கள்.
"யூனிட் செவன் ஏழாவது இடத்தில்!" என்று
டிரம் குச்சியால் மேசையைத் தட்டிச் சிரித்தான் சாகரன்,
ரசம் கொட்டியது.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் பகுதிக்கு நகரசபை வைத்த எண் அது.
கடலோரத்திலிருந்து லாரியில் ஏற்றிவந்து இறக்கியபோது
பெயர் வைக்க நேரமில்லை அவர்களுக்கு.
விமர்சனம் எழுதியவர்
அதை விண்வெளிக் கலம் என்று நினைத்துவிட்டார்.
குளிர்ந்த கோள் ஒன்றின் தனிமையாம்.
மோகி அதை உரக்கப் படித்தாள்.
வெளியே துணி காயும் கம்பிக்குக் கீழே
கோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ரெக்கார்டு உறையில் எங்கள் முகம் இல்லை.
படிக்கட்டு, மஞ்சள் பல்பு, அவ்வளவுதான்.
மர்மமாக இருக்கட்டும் என்றார் கம்பெனிக்காரர்.
எது மர்மம் என்று அவருக்கும் தெரியும்,
எங்களுக்கும் தெரியும்.

இரண்டே ராத்திரிதான் ஸ்டூடியோ.
கடன் வாங்கிய கோம்பி வண்டியில் ஜோஹானஸ்பர்க் வரை.
நடுவில் ஃப்ரீ ஸ்டேட்; எங்கள் ஆட்கள் தங்கக் கூடாத மண்.
யூசுஃப் மூத்திரத்தை அடக்கிக்கொண்டே ஓட்டினான்.
இரண்டாம் பாட்டின் வேகம்
அங்கே பிறந்தது என்பான் இன்றும்.

நான்காம் பாட்டில், கிடார் தனியாக மேலேறும் இடத்தில்,
என் சுண்டுவிரல் வழுக்கியது.
ஒரு கட்டை கீழே.
மறுபடி வாசிக்கிறேன் என்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டினார்கள்.
அடுத்த குழு கதவருகே நின்று
சிகரெட்டை அணைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சுரம் தட்டில் அச்சாகி
கேப் டவுன் வரை போய்விட்டது.
ரேடியோவில் அது நெருங்கும்போதே எழுந்து
தண்ணீர் குடிக்கப் போவேன்.
"எவனுக்குடா கேக்குது, விடு" என்பான் பொன்னன்.
எனக்குக் கேட்கிறது. சோற்றில் கல்.

மூன்று வாரம் ஏழில் நின்றோம்.
பிறகு ஒன்பது.
பிறகு அந்தப் பக்கத்தில் மீன் சுற்றி வந்தது.
கையில் கிடைத்தது
ஆளுக்குப் பதினொரு ரேண்ட் நாற்பது சென்ட்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு திங்கட்கிழமை,
பைன்டவுன் ஷூ ஃபாக்டரி.
குதிகால் ஒட்டும் வரிசையில் நான்.
மேற்பார்வையாளர் கெய்த் ரேடியோவின் காதைத் திருகினார்.
"வெளிநாட்டுப் பசங்க" என்றார், யாரிடமும் இல்லாமல்.
"இங்கே எவனுக்கு இப்படி வரும்?"
பசை காய்வதற்குள் ஒட்டியாக வேண்டும்.
ஒட்டினேன்.
எதிர் மேசையிலிருந்து சரஸ்பதி வாயைத் திறந்தாள்;
வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.
மோகியின் குரல் தையல் மெஷின்களுக்கு மேலே
எந்த ஊரும் இல்லாமல் மிதந்தது.

பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது.
கெய்த் ஜோடிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே
சீழ்க்கை அடிக்கத் தொடங்கினார்.
கிடார் ஏறும் இடம்.
மெதுவாக ஏறினார்,
என் சுண்டுவிரல் வழுக்கிய இடத்தில்
அவரும் வழுக்கினார்,
ஒரு கட்டை கீழே,
பிசகாமல்.

மறுபடியும் அடித்தார். மறுபடியும் அங்கேயே.

"எத்தனை?" என்றார்.
நாற்பத்திரண்டு ஜோடி என்றேன்.
எழுதிக்கொண்டார்.