இரண்டாம் மணிக்குப் பிறகு

எங்கள் சபைக்கு மணி கிடையாது.
வேலமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்குகிறது
ஒரு லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம்.
அடிக்க முழநீளக் கம்பி.
ஞாயிறுதோறும் லோமெரிதான் அடிப்பான்.
முதல் மணி பட்டிகளைத் தாண்டி
மொரோட்டோ மலையடிவரை போகும்.
இரண்டாம் மணிக்குப் பாட்டு ஆரம்பம்.

நாமோ வருவது அதற்கும் பிறகு.
முதல் ஜெபம் முடிந்து கண் திறந்தால்
கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள்,
கால்விரலெல்லாம் ஓடைமணல்.

நான் ஆலயத்தின் பின்னால் கூழ் கிண்டுகிறவள்.
ஓர் அண்டா, நூற்றுப்பத்துப் பிள்ளைகள்.
என் அடுப்பிலிருந்து ஓடை தெரியும்.
மணி அடிக்கும்போதெல்லாம் அவள்
மணலில் நடுவாக நின்றிருப்பாள்,
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

அந்த லாரியை ஓட்டியவன் அவள் புருஷன்.
பஞ்சத்துக்கு மாவு ஏற்றி வந்தான்.
பாறை மறைவிலிருந்து சுட்ட ஐந்து பேரில்
ஒருவன் லோமெரி.
மூட்டைகளை இறக்கிவிட்டு வண்டியைக் கொளுத்தினார்கள்.
டயர் இரண்டு நாள் எரிந்தது.
வளையம் எரியவில்லை.

அவன் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தது
பிரசங்கம் கேட்டு அல்ல.
சாட்சி சொல்ல நிறுத்தினால் அவனே சொல்வான்:
மகளுக்கு வலிப்புக் காய்ச்சல், கொட்டும் மழை.
உபதேசியார் ஆரிக்கோ
சைக்கிளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு
பிள்ளையைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.
ஆரிக்கோ தேசோக்காரர்.
அவர் அப்பாவின் மாடுகள், எழுபத்திரண்டு உருப்படி,
ஓட்டிவந்தது எங்கள் ஆட்கள்.
"நான் யாரென்று தெரியுமா?" என்று கேட்டானாம்.
"எனக்குத் தெரியும். காய்ச்சலுக்குத் தெரியாது.
வழி விடு" என்றாராம்.

ஞானஸ்நானத்தில் யோசுவா என்று பெயர் வைத்தார்கள்.
யாரும் கூப்பிடவில்லை.
அடுத்த வாரம் அந்த வளையத்தைத் தோண்டியெடுத்து
ஒன்பது மைல் உருட்டிக்கொண்டு வந்தான்.
ஏன் இதையே என்றேன்.
வேறெதை அடித்தாலும் எனக்குக் கேட்காது என்றான்.
அவளுக்கும் கேட்குமே என்று
அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பத்து ஆடுகள் கொண்டுபோய் அவள் வேலியில் நின்றான்.
பத்தையும் திருப்பி விரட்டினாள்.
வழியில் ஒன்று குட்டி போட்டு
பதினொன்றாய் வீடு திரும்பின.

மூன்று வருஷம்.

போன அறுவடையில் லோமெரி மலேரியாவில் படுத்தான்.
உபதேசியார் கொட்டிடோவுக்குப் போயிருந்தார்.
மணி அடித்தால்தான் மேய்க்கிற பிள்ளைகள் வருவார்கள்.
கம்பி மரத்தில் சாய்ந்திருந்தது,
அவன் கை பட்டு வழவழவென்று.
யாரும் தொடவில்லை.
நானும் கரண்டியை விடவில்லை.

ஓடையில் நாமோ,
வராத சத்தத்துக்குக் காதைப் பொத்தியபடி
வெகுநேரம் நின்றாள்.
கையெடுத்தாள். திரும்பப் பொத்தினாள்.
பிறகு ஏறி வந்தாள், நேரே என்னிடம்.
"கூழ் ஆறுதா?"
"இறுகுது."

முதல் அடி தகரத்தில் சுண்டினாற்போல.
அடுத்தது அப்படியில்லை.
முதல் மணியா இரண்டாம் மணியா என்று
கணக்கு வைக்க முடியவில்லை.
சோளக்கொல்லைக் குருவிகள் மொத்தமாக எழுந்தன.
மணி அடித்தாளா, அவனை அடித்தாளா,
என்னைக் கேட்டால் தெரியாது.
பிள்ளைகள் ஓடி வந்தார்கள், அவர்களுக்கென்ன.

கம்பியை இருந்த இடத்தில் சாய்த்துவிட்டு
ஆராதனைக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மறுவாரம் லோமெரி எழுந்து வந்தான்,
சட்டைக்குள் பாதியாக.
இரண்டு மணியும் அவனே அடித்தான்.
நாமோ எப்போதும்போலத் தாமதம்.
ஓடைப்பக்கம் பார்த்தேன்.
கைகள் இரண்டும் உயர்ந்துதான் இருந்தன.
காதில் இல்லை.
தலைமேல் ஒரு சுள்ளிக்கட்டு,
அதைப் பிடித்திருந்தாள்,
என் அடுப்புக்கு.