நாலாவது மிதி

மல்லாவி தாண்டி
பதினொரு கிலோமீற்றர் செம்மண் புழுதி.
உன் முதுகில் கன்னம் வைத்து
அரை நித்திரையில் வந்தேன்.
நேற்றிரவு முந்நூறு சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்த கைகள்
மோட்டார் சைக்கிளிலும் துணி தள்ளிக்கொண்டிருந்தன.

பூங்கா வாசலில் ஒரு பலகை.
நீல ஏரி, அதன் பின்னால்
பனி மூடிய மூன்று மலைகள்,
அடியில் பிரதேச சபையின் பெயர்.

"மலை எங்க தம்பி?"
ரிக்கற் கிழிக்கிற பெடியனைக் கேட்டாய்.
"அது பெயின்ரர் அண்ணை
கலண்டரைப் பாத்துக் கீறினது.
எங்களிட்ட குளம் மட்டும்தான்."
"மலைக்கும் சேத்தோ ஐம்பது ரூபா?"
அவன் மீதிக்காசை எண்ணுவதில் மும்முரமாய் இருந்தான்.

குளம் நிறைந்து கிடந்தது.
தை மாதத்துத் தண்ணீர்,
கரையோர மருதமரங்களின் இடுப்புவரை.
நடுவில் பட்ட மரங்கள்,
கிளைக்கொரு நீர்க்காகம்
செட்டை விரித்துக் காயப்போட்டபடி.
சத்தமில்லை.
ஊசி ஓடாத காதுக்கு
அது முதலில் வருத்தம்போல் இருந்தது.

அன்னப்படகு. அரைமணி நேரம் முந்நூறு ரூபா.
இரண்டு பேர், நாலு மிதி.
"இது அதில நிக்காது, வழுக்கும்" என்று
வாங்கிலில் குந்தி
முழங்காலுக்குக் கீழே பட்டியைக் கழற்றினாய்.
செருப்புப் போட்ட காலை
செருப்போடே நீட்டினாய் பெடியனிடம்.

அவன் பயப்படவில்லை.
கொப்பியைத் திறந்தான்,
கைப்பைகளும் ஹெல்மெற்றுகளும் பதிகிற கொப்பி.
பெயர்: தவயோகன்.
பொருள்: கால் (இடது).
எண்ணிக்கை: ஒன்று.
பதினேழாம் இலக்கத் துண்டை
உன் சட்டைப் பையில் செருகிவிட்டான்.

ஒரேஞ்ச் அங்கியை எனக்கு மாட்டினாய்.
தோள் மூட்டில் ஒற்றைத் தையல்.
இரட்டை போட்டிருக்க வேண்டும்,
இந்த இடம்தானே பாரம் தாங்கும்.
சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

மிதித்தோம். மூன்று கால்கள்.
அன்னம் கழுத்தை ஆட்டி ஆட்டிப் போனது.
கரையில் ஆரோ குழந்தைக்கு
ரோல்ஸ் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்,
பிறகு அவர்களும் சிறுத்து
ஒரு நிறப் புள்ளி ஆனார்கள்.

அப்போதுதான் பார்த்தேன்.
உன் இடது பக்கத்து மிதி
ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
நாங்கள் வேகம் கூட்ட அதுவும் கூட்டியது,
மெதுவாக மிதித்தால் அதுவும் மெதுவாக,
களைக்காமல், ஒரு சுற்றும் தவறாமல்.
நீயும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஒருத்தன் காசு குடுக்காம ஏறியிட்டான்" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
வந்த சிரிப்பு பாதியில்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"விடு. கொஞ்ச நேரம்
ஒண்டும் செய்யாம இருப்பம்."

ஒன்றும் செய்யாமல் இருக்க
எங்கள் இருவருக்கும் தெரியாது.
நீ தண்ணீரில் விரல் விட்டாய்.
நான் மணி பார்த்தேன்,
பிறகு பார்த்ததற்காக வெட்கப்பட்டேன்.
ஜப்பான் மீன் ஒன்று
படகின் நிழலுக்குள் வந்து
வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனது.
காற்று எங்களைத் திருப்பியது,
தன் பாட்டில், அணைக்கட்டுப் பக்கம்.

தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால்
அந்தக் கட்டு எவ்வளவு உயரம்!
அதன் உச்சியில் வானம் தொட
மாடொன்று நடந்துபோனது.
"அந்தா உன்ர மலை" என்றேன்.
மாடு நின்று,
நிதானமாக மூத்திரம் பெய்தது.
இம்முறை நீ சிரித்த சிரிப்புக்கு
நீர்க்காகங்கள் அத்தனையும் எழும்பின.

விசில் இரண்டு முறை ஊதியாயிற்று.
மூன்றாவதற்குத்தான் திரும்பினோம்.
என் தோளைப் பிடித்து
ஒற்றைக் காலில் துள்ளி வந்து துண்டை நீட்டினாய்.

வாங்கிலில் கால் இல்லை.
ஒரு கணம் நாங்கள் இருவரும்
எதையும் பேசவில்லை.

பெடியன் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்தான்.
"வெயில் ஏறிட்டுது அக்கா,
சுட்டுப்போடும் எண்டு
நிழலுக்க வச்சனான்."

கொப்பியில் கையெழுத்து வாங்கினான்.
பட்டியைக் கட்டும்போது
தொட்டுப் பார்த்தேன்.
குளிர்ந்திருந்தது.