இரண்டு நிறுத்தம் முன்னால்

கோப்லி வழித்தடத்தில்
முப்பத்திரண்டு வருடம் டிராம் ஓட்டினேன்.
உட்கார்ந்தே.
தாலின் நகரத்தில் பாதிப் பேரை
வேலைக்குக் கொண்டுபோய் விட்டிருப்பேன்.
நானாக ஒரு பர்லாங்கு நடந்ததில்லை.

ஒரே குளிர்காலத்தில்
எனக்கும் எதிர்வீட்டு எண்டலுக்கும்
இதயக் குழாயில் வலைச்சுருள் வைத்தார்கள்.
ஒரே ஆஸ்பத்திரி. ஒரே மாத்திரை.
ஒரே இளஞ்சிவப்பு.
தீர்ந்துபோன நாளில்
காப்பித்தூள் கைமாற்று வாங்குவதுபோல்
கதவைத் தட்டி வாங்கிக்கொள்வோம்.

அவனுக்கு ரத்தம் ஆறாக ஓடியது.
எனக்குப் பதினான்காம் மாதம்
மறுபடி உறைந்தது.

ஒழுங்காக விழுங்கியிருக்க மாட்டாய் என்றான் எண்டல்.
மகளும் அதையே சொன்னாள்,
தாம்பெரேயிலிருந்து, ஃபோனில், மெதுவாக.
சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம்:
செவ்வாய்க்கிழமை போட்டேனா?
காலி அட்டைகளைக் குப்பையிலிருந்து எடுத்து
குழி குழியாக எண்ணிப் பார்த்தேன்.

டாக்டர் திரீன் ஒரு குழாய் ரத்தம் கேட்டாள்.
மூன்று வாரம் கழித்துக்
காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.
"இந்த மாத்திரை தூங்கிக்கொண்டேதான் உள்ளே போகும்.
கல்லீரல் அதை எழுப்ப வேண்டும்.
உங்கள் கல்லீரலுக்கு எழுப்பத் தெரியாது.
பிறவியிலேயே அப்படி."

பதினான்கு மாதம்,
ஒரு நாள் தவறாமல்,
தூங்குகிறவனை விழுங்கியிருக்கிறேன்.
சிரிப்புத்தான் முதலில் வந்தது.
படியிறங்கும்போது அழுகை.
குற்றம் என்மேல் இல்லையென்று
என் ரத்தமே வந்து சாட்சி சொல்ல
எழுபத்தொரு வயது ஆகியிருக்கிறது.

இப்போது மஞ்சள் மாத்திரை, இரண்டு வேளை.
யாரிடமும் கைமாற்று வாங்க முடியாது.

காகிதம் அதோடு நிற்கவில்லை.
காப்பி உங்களுக்கு மெதுவாகத்தான் கரையும்,
மதியத்துக்கு மேல் வேண்டாம் என்றது.
நாற்பது வருடம் விட்டத்தைப் பார்த்துப் படுத்தவளைக் கேட்டால்
ரத்தம் எடுக்காமலே சொல்லியிருப்பாள்.
"உப்பு பற்றி என்ன போட்டிருக்கிறது?"
"உப்புக்கு மரபணு எதற்கு? குறையுங்கள்."
"நடை?"
"அதற்கும் எதற்கு?"
என்னை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டுத்
தெருவில் போகிற எல்லோருக்கும் சொல்வதையே
எனக்கும் சொன்னாள் அந்தப் பெண்.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

உப்பில் ஊறிய கிலு மீனை
ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலேயாம்.
என் உருளைக்கிழங்கு
வாரம் ஆறு நாளும் சதகுப்பையிலே.
பழகுகிறது. பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது.
மறதியைப் பற்றியது.
திறக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.
"அதில் பாதி என்னுடையதும்தானே அம்மா"
என்று மகள் எழுதியிருக்கிறாள்.
நியாயம்தான்.
வெள்ளிக்கிழமையிலிருந்து
பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

எண்டலின் கல்லீரல் எல்லாவற்றையும் எழுப்பும்,
அவனைத் தவிர.
ஏழு மணிக்கு இன்னும் கதவைத் தட்டுகிறேன்,
மாத்திரைக்காக இல்லை.
வசவு முதலில் வெளியே வரும்,
பிறகு தொப்பி, பிறகு அவன்.

சந்தைக்குப் போய்த் திரும்பும்போது
வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே
இறங்கிவிடுகிறோம்.
காலணிக்கு அடியில் ஆணிப்பட்டை,
பனிக்கட்டியில் கறுக் கறுக்.
நாங்கள் இறங்கிய டிராம்
எங்களைத் தாண்டிப் போகையில்
என் பழைய இருக்கையிலிருந்து யாரோ மணி அடிக்கிறார்கள்.
ஏறிக்கொள் என்றா,
ஓரமாகப் போ என்றா,
அத்தனை வருடம் அடித்தவளுக்கே தெரியவில்லை.
எண்டல் கையை ஆட்டுகிறான்.
நான் வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதைக் கேட்டு
எண்ணெய் போடவில்லை என்கிறேன்.