ஆணி கூடாது

ஆணி கூடாது, செலோடேப் கூடாது
என்று கதவுக்குப் பின்னால் மலையாளத்தில் ஒட்டியிருந்தது,
செலோடேப்பால்.

மெஸ்ஸில் மைதா கேட்டு வாங்கி
கெட்டிலில் பசை காய்ச்சினோம்.
பரோட்டா வாசனையில் ஒரு மாதம் தூங்கியது
இருநூற்றுப் பதினாலாம் அறை.

கஞ்சிக்கோட்டு ஜெராக்ஸ் கடையில்
பதினாறு தாள் சேர்ந்தால் ஒரு கடவுள்.
பதினைந்தோடு கலர் மை தீர்ந்துபோனது.
நாளைக்கு வா மோளே என்றார் கடைக்காரர்.
நாளைக்கு எங்களிடம் காசு இருக்காது.

ஒரு கண்ணைக் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டவர் ஓடின்.
மிச்சமிருந்த கண்
அந்தப் பதினாறாவது தாளில் இருந்தது.

ஓடின் என்றால் பழந்தமிழில்
ஓடினால் என்று அர்த்தம் என்றேன்.
ஓடினால்? என்றாள் ஜில்னா.
அவ்வளவுதான், பாதி வாக்கியம்.
அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
எங்களுக்கு மழை விட்டால் 'தோர்ந்நு'.
இடி இடிக்கிறவனுக்குப் போய்
யார் தோர் என்று பேர் வைத்தது?

ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒரு கண்ணா,
பேரம் அதிகம் என்று சிரித்தோம்,
ஆனைமலைக்காரி நானும்
கொழிஞ்சாம்பாறைக்காரி அவளும்.
அவள் அப்பா வயலுக்குப் போகிற ஆளியாற்றுத் தண்ணீரின்
மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர்
என் சித்தப்பா.

உலகத்தைச் சுற்றிய பாம்பைச் சுவரடியில் ஓடவிட்டோம்.
கட்டிலுக்குக் கீழே, பக்கெட்டுக்குப் பின்னால்.
வால் வாய்க்கு எட்டவில்லை, நடுவில் இரும்புக் கதவு.
ஸ்விட்ச் போர்டுக்கு மேல் ஓநாய்,
அதைக் கட்டிவைத்திருந்தது என் லேப்டாப் சார்ஜர்.
பக்கத்தில் நான் வரைந்த ஒன்பதாம் லெவல் வரைபடம்,
செத்த இடமெல்லாம் சிவப்புப் பேனாவில் புள்ளி.
அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்றாள்.

ஆடியில் வாளையார்க் கணவாய்க் காற்று
இரண்டு அண்டங்காக்கைகளையும் பிய்த்துக்கொண்டு போனது.
ஒன்றைப் பக்கத்து அறை ஆன்சி கொண்டுவந்து கொடுத்தாள்.
மற்றது திரும்பவே இல்லை.

பதினாறாவது தாளின் வெற்றிடத்தில்
யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன
ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது.
அரக்கு நிறம், ஓரம் அழுக்கு.
கண் இருக்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே.
போதும் என்று விட்டுவிட்டோம்.
அதிலிருந்து எங்கள் கடவுளுக்கு மாறுகண்.

சனிக்கிழமை ரெஜிஸ்டரோடு வந்தார்
வார்டன் ஏலியாம்மை.
ஓநாய் ஒன்று, நூறு ரூபாய்.
பாம்பு, எத்ர பேப்பர்? எண்ணிப் பார்த்து, முந்நூறு.
கிழவன் ஒன்று.
பிறகு ஃபேனுக்கு நேரே இருந்த படத்தைப் பார்த்தார்:
உலக மரத்தில்
ஒன்பது இரவு தன்னையே தொங்கவிட்டுக்கொண்டவன்.

பேனாவை மூடினார்.
இது மாத்திரம் வேண்டா.

சாகமாட்டார் மேடம், என்றாள் ஜில்னா அவசரமாக.
எழுத்துப் படித்துக்கொண்டு
பத்தாம் நாள் இறங்கி வந்துவிடுவார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறினார்.
எங்களை விடவில்லை.
நகத்தால், மூலை கிழியாமல், மெதுவாக உரித்து
நாலாக மடித்து ரெஜிஸ்டருக்குள் வைத்தார்.
இறங்கும்போது பொட்டைப் பார்த்தார்.
நீங்ஙள் ஒட்டியதா?
இல்லை மேடம், முன்னாடியே இருந்தது.
விளக்குமாறு பெருக்கும் சத்தம்
வராந்தா முழுக்க ஒருதடவை போய் வந்தது.
அதற்கு ஃபைன் எழுதவில்லை.

அன்றிரவு மழை.
யானைக்காக மெதுவாகப் போகும் ரயில்
காட்டுக்குள் நீளமாக ஹாரன் அடித்தது.
ஹெட்போனில் நான் மூன்று தடவை செத்தேன்.
மூன்று தடவையும்
கடைசியாகச் சேமித்த இடத்தில் எழுந்து நின்றேன்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
தோர்ந்நோ? என்றாள் இருட்டிலிருந்து.

இன்னும் இல்லை.