பத்தில் எத்தனை

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு
ஐஸ் கணக்கு என்பேன்.
மீராலெவ்வையின் ஐஸ் பெக்டரியிலா என்பார்கள்.
மறுத்துக் களைத்து இப்போது தலையாட்டிவிடுகிறேன்.
சத்தமாய்ச் சொல்லாதீங்க, பொலிஸ் வரும் என்பான் வினோபன்.

வாழைச்சேனையில் இரவு பத்தரை.
துறைமுகப் பக்கம் ஐஸ் அரைக்கும் மெஷின்
பல்லைக் கடிக்கிறது.
மேசையில் நுளம்புச்சுருள், சாம்பலுக்கு ஒரு சாசர்,
திரையில்
எண்பதாம் பாகைக்கு மேலே ஒரு கடல்.

செய்மதி அனுப்பும் படத்தில் நிறமில்லை.
ராடாருக்குத் தெரிவதெல்லாம் சொரசொரப்புத்தான்:
நொறுங்கி முகடுகட்டியது வெள்ளையாய்த் தெறிக்கும்,
வழுவழுப்பானது கறுப்பு.
சுற்றிக் கோடு போடுகிறேன்,
கோட்டுக்குள் ஒரு முட்டை,
முட்டைக்குள் எண்கள்.
பத்தில் எத்தனை பங்கு மூடிக்கிடக்கிறது,
என்ன வயது,
துண்டுகள் எவ்வளவு பெரிசு.

புதிதாய் உறைவது
ஆறிய குழம்பின் மேல் எண்ணெய் மாதிரி.
பிறகு அப்பம்,
ஒன்றையொன்று இடித்து இடித்து ஓரம் நிமிர்ந்தவை.
ஒரு குளிர்காலம் கண்டது உப்புக் கரிக்கும்.
பல கோடை தப்பியதில் உப்பெல்லாம் வடிந்திருக்கும்,
உருக்கிக் குடிக்கலாமாம்.
கப்பலின் வயிற்றைக் கிழிப்பதும் அதுதான்.
நான் ஒன்றையும் தொட்டதில்லை.
எனக்குத் தெரிந்த ஐஸ்
பெட்டிக்குள் சூரை மீனின் கண்ணுக்கு மேல் கிடப்பது.

'மார்த்தா பிரீஸ்' என்ற கப்பல்
இரண்டு மணிக்குள் வழி கேட்கிறது.
இருபத்தொரு பேர்.
தீவுக்கும் ஐஸ் விளிம்புக்கும் நடுவே
ஒரு கறுப்புப் பட்டை.
காற்றில்லாத தண்ணீரும் கறுப்பு,
நேற்று உறைந்த மெல்லிய ஐஸும் கறுப்பு.
முந்தின நாள் படத்தைப் பார்த்தேன்.
உறைநிலைக்குக் கீழே பதினொரு பாகை.
காற்று ஓய்ந்து பத்து மணித்தியாலம்.
கரண்ட் போய் வந்தது,
ரௌட்டரில் பச்சை விழ நான்கு நிமிடம்.

அந்த நேரம் பார்த்து வினோபனின் கோல்.
அக்கா, விடிய போட் இறக்கிறம்,
நம்மட பக்கம் காத்து எப்பிடி?
நம்மட கடல் என்ட படத்தில இல்ல தம்பி.
அப்ப உங்களுக்கு எந்தக் கடல்தான் தெரியும் கா
என்று வைத்துவிட்டான்.

சரியான கேள்வி.

பட்டைக்குள் முட்டை வரைந்தேன்.
பூச்சியம் போட்டேன், அழித்தேன்.
ஒன்பது போட்டேன்,
அதையும் அழித்தேன்.
தீர்மானிக்க முடியாததற்கு ஒரு குறி உண்டு, எக்ஸ்.
மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காத எழுத்து.
பள்ளிக்கூடத்தில் அதைக் கண்டுபிடித்தால்தான் மார்க்ஸ்,
இங்கே
கண்டுபிடிக்காமல் விட்டுவைக்கத் தைரியம் வேண்டும்.
எக்ஸ் போட்டு, கீழே எழுதினேன்:
வேகம் குறைத்து வரவும். தேடுவிளக்கோடு.

பிறகு கண் மூடவில்லை. தேத்தண்ணி ஆடை கட்டியது.

ஐந்து நாற்பதுக்குப் பதில் வந்தது.
முதலில் ஐஸ், நகத்தின் கனம், உடைத்துக்கொண்டு வந்தோம்.
அப்பால் தண்ணீர்.
தண்ணீருக்குள் பழையது ஒன்று, லொறி அளவு,
தலை மட்டும் வெளியே.
விளக்கில் கண்டு விலகினோம்.

என் பூச்சியத்தில் அது இல்லை.
ஒன்பதிலும் இல்லை.
எக்ஸில் இருந்ததா என்றால்
அதுவும் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்தேன்.
வினோபனின் போட்டுக்கு ஐஸ் ஏறுகிறது,
அவன் ஈரக் கையைத் தூக்கி
எந்தப் பக்கம் குளிர்கிறது என்று பார்க்கிறான்.
மீராலெவ்வை பில் புத்தகத்திலிருந்து தலையெடுத்து,
உங்கட ஐஸ் என்ன விலை போகுது புள்ள என்றார்.

லொறி அளவில ஒண்டு கிடந்தது நானா, என்றேன்.
ஒருத்தரும் எடுக்கல்ல.