காலி இடம்

ஹாஸ்கோவோ பால் ஆலையின் கணக்கு நிரல்,
எண்பத்தெட்டாம் வருடத்து பிளாப்பி.
தயிர் எத்தனை லிட்டர், புட்டி எத்தனை உடைந்தது,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
நான் அதை ஓட்டவில்லை, பிரித்துப் பார்த்தேன்.
சோபியாவில், ஹீட்டர் கனைக்கும் ஓர் அறையில்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கட்டளைகள் முடிந்த இடத்தில் பூஜ்யங்கள் வரவேண்டும்,
ஐநூற்றுப் பன்னிரண்டு நிரம்பும்வரை
வெறும் பூஜ்யங்கள்.
வந்ததோ கிறுக்கல்.
எழுத்துக் குறியீட்டை மாற்றினேன்.
கிறுக்கல் கண்விழித்து பல்கேரிய மொழி பேசியது:

அடுப்பை அணைத்துவிட்டேன். சாவி மீட்டர் பெட்டியில்.
குட்டிக்கு நீயே பெயர் வை.
என் அம்மா கேட்டால் எதுவும் சொல்லாதே, ஏனென்றால் நா

அங்கே நிரம்பிவிட்டது.
அடுத்த பைட்டிலிருந்து
உடைந்த புட்டிகளின் அட்டவணை.

யாரும் ஒளித்துவைத்ததல்ல.
தொகுப்பி இடம் கேட்டிருக்கிறது,
இயந்திரம் கழுவாத பாத்திரத்தை நீட்டியிருக்கிறது,
சற்றுமுன் யாரோ தட்டிய கடிதத்தின்
அடிவண்டலோடு.
பாதிப்பு: இல்லை. வகை: காலி இடம்.
அறிக்கையில் இப்படித்தான் எழுதினேன்.

நிரலில் ஒரு பெயர் இருந்தது, ஸ்வெத்லோமிர் கானெவ்.
எண் கிடைக்க இரண்டு வாரம்.
படித்துக் காட்டினேன். இருமினார்.
"நான் எழுதியதில்லை.
ஒரே கணினி, மூன்று ஷிப்டு.
எனக்கு முன்னால் இரவில் தெமெனூகா உட்கார்ந்திருப்பாள்.
செப்டம்பரில் ஒருநாள் முதல் வரவில்லை.
எல்லையைத் தாண்டிவிட்டாள் என்றார்கள்.
தாண்டவில்லை என்றும் சொன்னார்கள்."

பிறகு,
"குட்டி என்றா போட்டிருக்கிறது?"
ஆமாம்.
"கடைசி எழுத்துக்குப் பிறகு?"
எதுவும் இல்லை. நா, அவ்வளவுதான்.
நானா, நாளையா, நாங்களா,
இருவரும் வாய்க்குள் போட்டுப் பார்த்தோம்
தொலைபேசியின் இரண்டு முனைகளில்.

"அன்று காலை யாரும் கணினியை அணைத்திருக்கவில்லை.
திரை சூடாக இருந்தது.
உட்கார்ந்ததும் நிரலைத் தொகுத்தேன்.
நாற்பத்தொரு ஆலைகளுக்கு நாற்பத்தொரு உறை,
நானே நாக்கால் ஈரம் செய்து ஒட்டினேன்."

அத்தனை ஆலைகளிலும்
காலை ஆறு மணிக்கு யாரோ ஒருத்தி
தயிர்க் கணக்கைத் திறந்திருப்பாள்.
அந்த மூன்று வரியும் கூடவே நினைவகத்தில் ஏறி,
மாலையில் இறங்கியிருக்கும்.
கூட்டலுக்கோ கழித்தலுக்கோ
அதைக் கூப்பிட வேண்டி வரவேயில்லை.

வைக்கப்போனேன்.
"மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது," என்றார்.
"கடிதம் இருக்குமென்று கவிழ்த்துக்கூடப் பார்த்தேன்.
பூனைதான் விழுந்தது.
பதினான்கு வருடம் இருந்தது அது.
ஏய் என்றுதான் கூப்பிட்டேன்."