கவலை, கிலோ எண்பது

காசிமேட்டுச் சுவர் எதையும் ஒட்டவிடாது.
வெள்ளிக்கிழமை மாலை
செலோடேப் போட்டு நான் ஏற்றிய கடல்
திங்கள் காலை தரையில் கிடந்தது:
அலை, நுரை, கலங்கரை விளக்கம்,
பவளத்தின் மேல் யாரோ மிதித்த செருப்புத் தடம்.

'உப்புக் காத்து டீச்சர், பசை நிக்காது'
என்ற ஹேமாவதி
மறுநாள் பைக்குள்ளிருந்து எடுத்தாள்
கிழிந்த வலையில் பிரித்த பச்சை நைலான் கயிறு.
ஜன்னல் கம்பிக்கும் கரும்பலகை ஆணிக்குமாக
இழுத்துக் கட்டி, துணி கிளிப்பில் மாட்டினோம்.
காற்று வந்தால் ஆடின.
ஆறாம் வகுப்பு முதல் தடவையாக
தலை தூக்கிப் படித்தது.

பிறகு அவர்கள் வார்த்தைகள் வரத் தொடங்கின,
என்னைக் கேட்காமல்.
ஐஸ் பெட்டி. ஏலம். டீசல் டோக்கன்.
வஞ்சிரத்துக்கு ஒரு அட்டை போதாதென்று
இரண்டைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தான் கிஷோர்.
பாடநூலின் 'மரக்கலம்' மேல்
'லாஞ்சு' வந்து மோதி நின்றது.

ஒரு அட்டையில், பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
கவலை.
யார் வீட்டில் என்னவோ என்று
ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
மெல்லக் கழற்றி
அடுத்த கயிற்றில், 'உணர்வுகள்' தலைப்பில்,
கோபத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவே மாட்டினேன்.
வகுப்பே சிரித்தது.

பெலிக்ஸ் எழுந்தான்.
வாரம் இரண்டு நாள் வருபவன்,
விரல்களில் ஐஸ் உரித்த தோல்.
'டீச்சர், அது மீனு.
கிலோ எண்பது. முள்ளு ஜாஸ்தி.'

சாயங்காலம் துறைமுகப் பக்கம் போனேன்.
ஹேமாவதியின் அம்மா தராசைத் தாழ்த்தி
நாலு மீன் கூடப் போட்டாள்:
'வச்சிக்க டீச்சரு, உனக்குக் கவலை பத்தல.'
பேருந்தில் நடத்துநர்
மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டுக் கிழித்தார்.
இரவு, செதில் பறக்கக் கழுவும்போது
கட்டைவிரலில் ஏறியது முள்,
சரியாக
சாக்பீஸ் பிடிக்கும் இடத்தில்.

அந்த அட்டை இப்போது
இரண்டு கயிறும் சேரும் ஆணியில் தொங்குகிறது.
மாட்டியது யாரென்று நான் கேட்கவில்லை.

இந்த வாரத் தலைப்பு: வீடு.
கூடம், முற்றம், மாடம் என்று
நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே
பின் பெஞ்சிலிருந்து பெலிக்ஸ்:
'டீச்சர்,
வாடகை எந்தக் கயித்துல?'